இடப்பக்கம் ஒரு படி

“உக்காரலை மன்னி, இன்னும் உக்காரலை” என்பார்.

அதுதான் அவர் வாயில் எந்நேரமும் இருந்த சொல். அவர் நின்றுகொண்டிருப்பார், நானும் நின்றுகொண்டிருப்பேன், இடுப்பில் தண்ணீர்க்குடம் கனத்துக் கால் மரத்துப்போயிருக்கும். உட்கார வேண்டியது நாங்கள் இல்லை, படம். முக்காலியின் மேல் பெரிய மரப்பெட்டி, அதன் பின்னால் கறுப்புத் துணி, துணிக்குள் தலை. உள்ளிருந்து குரல் மட்டும் வரும். “குடத்தை இத்தனூண்டு அந்தப் பக்கம். ஐயையோ, அத்தனை வேண்டாம். மாமி, உங்க நிழல் விழறது, நகருங்கோ.” என் மாமியார் நகர மாட்டார். “என் நிழலுக்கு என்னடா குறைச்சல்? அதுவும் படத்துல இருந்துட்டுப் போகட்டும்” என்பார்.

அவர் பெயரை நான் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டுக்காரர் பெயரும் அவர் பெயரும் ஒன்று. புருஷன் பெயரை வாயால் சொல்லாமலே ஒரு ஆயுளை ஓட்டியவள் நான். இவர் எங்கள் மாடி அறையில் குடியிருந்த அத்தனை வருஷமும் என் வாயில் ‘மாடியாத்துக்காரர்’தான். “எழுதியாவது காட்டேன் பாட்டி” என்கிறாள் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கும் பேத்தி. எழுதத் தெரிந்திருந்தால் காட்டியிருக்க மாட்டேனா!

அப்போது பவானிப்பூர் இப்போது மாதிரி இல்லை. பெயர்தான் கல்கத்தா. சந்துக்குச் சந்து குளம், தென்னை மரம், வாத்து, பசுமாடு. குதிரை டிராம் போய் மின்சார டிராம் வந்த புதிது. காளிகாட் வரைக்கும் அது மணியடித்துக்கொண்டு வருவதைப் பார்க்க என் மாமியார் மடியோடு வாசலில் நிற்பார். யார் மேலாவது பட்டுவிட்டால் திரும்பக் குளிப்பார். மறுபடி டிராம் மணி கேட்கும். மறுபடி வாசல். அந்தச் சின்ன ஊருக்குள் நம் பாஷை பேசுகிற வீடுகளை விரல் மடக்கிச் சொல்லிவிடலாம். எல்லாரும் ஆபீஸ் உத்தியோகம். மாடியாத்துக்காரருக்கு அலிப்பூரில் ஒரு கோர்ட்டுக் கச்சேரியில் வேலை. என் வீட்டுக்காரரைவிடச் சின்னவர், அதனால் எங்கள் வீட்டுக்காரர் அவருக்கு அண்ணா, நான் மன்னி. என்னைவிட எத்தனையோ பெரியவர், பதினாறு வயசுப் பெண்ணை மன்னி மன்னி என்று கூப்பிடுவார். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

அவருக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. பெண்டாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா வீட்டில் இருந்தாள். பெரிய மனுஷியாகி, நாள் பார்த்து அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அந்த அப்பா பெரிய வைதிகர். “மீன் நாத்தம் பிடிச்ச ஊருக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன். வேணும்னா நீ வேலையை விட்டுட்டு இங்கே வா” என்று சொல்லிவிட்டார். இவருடைய அப்பா அம்மா இருவரும் அதே ஊரில் பக்கத்துத் தெருவில் இருந்தார்கள். அவர்கள் சொல் அங்கே எடுபடவில்லை.

“லெட்டர் போட்டு அவ கிட்டயே கேக்கறதுதானேடா?” என்று என் மாமியார் ஒருநாள் கேட்டார்.

“அவளுக்குப் படிக்கத் தெரியாது மாமி. அவ அப்பா கூடத்துல நின்னுண்டு உரக்கப் படிப்பார். ‘உன்னை நினைச்சுண்டே இருக்கேன்’னு நான் எழுதினா, அதை அவ எங்க மாமனார் குரல்லன்னா கேப்பா?”

மாமியார் சிரித்து, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் அடுக்களைக்குள் ஓடிப்போய்ச் சிரித்தேன். சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. எனக்கும் எழுத்துத் தெரியாது. என் அம்மாவிடமிருந்து வருகிற கடுதாசியும் எங்கள் வீட்டுக்காரர் குரலில்தான் வரும்.

அதனால்தான் அந்தப் பெட்டி. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை விட்டுவிட்டுப் போனது. படத்தை யாரும் படித்துச் சொல்ல வேண்டாமே! அப்பா கையில் முதலில் போனாலும், அவர் பார்ப்பது வேறு, இவள் பார்ப்பது வேறு. கடுதாசியில் ‘க்ஷேமம்’ என்று ஒரு வரி. மற்றதெல்லாம் படத்தில்.

என்ன படம் என்கிறீர்கள்? ராஜாவா, யானையா? குழாயடி. வடாம் காய்கிற மொட்டை மாடி. தயிர்க்காரன் வாசலில் உறியை இறக்கி வைக்கிற இடம். எதிர்வீட்டு மாஷிமா அரிவாள்மணையைக் காலால் அமுக்கிக்கொண்டு பூசணிக்காய் நறுக்குவது. அவள் இங்கே வந்தால் தினமும் எதையெதைப் பார்ப்பாளோ அதெல்லாம். ஆனால் சும்மா எடுக்க மாட்டார். ஒவ்வொன்றையும் கோலம் போடுகிற மாதிரி புள்ளி வைத்து வைத்துக் கூட்டுவார். முதலில் மீன் போக வேண்டும். பவானிப்பூர்ச் சந்தில் மீன் தெரியாமல் ஒரு படம் எடுப்பது என்றால் சாமானியமா? ஒருநாள் மீன்காரியைக் கையெடுத்துக் கும்பிட்டு, கூடையைத் தூக்கிக்கொண்டு அந்தண்டை போகச் சொன்னார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “மாச் சாடா அபார் கிஷேர் சொபி?” என்று கேட்டாள். மீன் இல்லாமல் அதென்ன படம் என்று. சந்தே சிரித்தது. கடைசியில் கூடை போயிற்று. அவள் மட்டும் பக்திமான் மாதிரி முக்காடு போட்டுக்கொண்டு குழாயடியில் நின்றாள்.

அச்சுப் போடுவது எங்கள் மொட்டை மாடியில். கண்ணாடித் தகட்டில் படம் இருக்கும். அதன் மேல் ஒரு காகிதத்தை வைத்து, மரச் சட்டத்துக்குள் இறுக்கி, என் மாமியாரின் வடாத்துக்குப் பக்கத்தில் வெயிலில் வைப்பார். வெயில் பட்டுப் பட்டுக் காகிதம் சிவக்கும். காக்காய் விரட்டுகிற கோலோடு உட்கார்ந்திருக்கிற எனக்கு இரண்டுக்கும் காவல். அச்சு ஆனதும் முதலில் என்னிடம்தான் கொண்டுவருவார்.

“மன்னி, வாசிங்கோ.”

எனக்கா? வாசிக்கவா? ஆனால் வாசிப்பேன். “குழாய்ல தண்ணி நன்னா வரது. கல் சுத்தமா இருக்கு. பக்கத்துல இன்னொரு குடம் சும்மா இருக்கு, தூக்க ஆள் இல்லை. மூலையில ஒரு மீன் வால் தெரியறது.”

“எங்கே?” என்று பதறிப்போய்க் காகிதத்தைப் பிடுங்குவார். இருக்கும். மீன்காரியின் முக்காட்டுக்குப் பின்னால் நகத்தளவு வால். அந்தப் படம் போகாது. நான் தப்பில்லாமல் வாசித்தால்தான் தபாலுக்குப் போகும். எழுத்துத் தெரியாத இன்னொருத்திக்குப் போகிற படத்தை எழுத்துத் தெரியாத நான்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. பி.ஏ. படித்த எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினால், “நன்னா இருக்கே” என்று மறுபடி பேப்பரை விரித்துக்கொள்வார்.

அந்த இரண்டாவது குடத்தைச் சொன்னேன் இல்லையா? எல்லாப் படத்திலும் அப்படி ஒன்று இருக்கும். வடாம் படத்தில் மாமியாருக்குப் பக்கத்தில் ஆளில்லாத மணை ஒன்று. துளசி மாடத்துப் படத்தில் ஏற்றாத அகல் ஒன்று. நான்தான் ஒருநாள் உளறினேன். “இதுல எல்லாத்துலயும் யாரோ வரணும் போல இருக்கே!” அவர் காக்காய் இல்லாத இடத்தில் காக்காயை விரட்டிக்கொண்டே மாடிக் கோடிக்குப் போய்விட்டார்.

ஒரு கூத்து சொல்ல வேண்டும். முதல் முதலில் என்னைக் குழாயடியில் எடுத்த படம் அச்சாகி வந்ததும் மாமியார் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, வீடு இடிகிற மாதிரி கத்தினார்.

“ஏண்டா, கடன்காரா! எங்காத்து மாட்டுப்பொண்ணை ஐயங்காராத்துக்கு அனுப்பிச்சுட்டியேடா!”

எங்களில் மடிசார் மேலாக்கு வலது தோளில் வரும். ஐயங்கார்களுக்கு இடது தோளில். படத்தில் என் மேலாக்கு இடது தோளில் இருந்தது! எனக்கு ஒரு நிமிஷம் நானே யார் என்று சந்தேகம் வந்துவிட்டது. அவர் தலையைச் சொறிந்தார்.

“கண்ணாடியைத் திருப்பி வச்சுட்டேன் மாமி. மருந்து பூசின பக்கம் காகிதத்துல படணும். மாறிப் போச்சுன்னா வலது இடதாயிடும், இடது வலதாயிடும்.”

“நாமம் போடாம விட்டியே, அதுவரைக்கும் சந்தோஷம்” என்றார் மாமியார். மாடியாத்துக்காரர் சரியாக மறுபடி அச்சுப் போட்டார். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வாரம் என்னை ‘என்னடி, ததியோன்னம் பண்ணிட்டியா?’ என்று, தயிர்சாதத்துக்கு ஐயங்கார்கள் சொல்கிற பேரை வைத்துக் கேலி செய்துகொண்டிருந்தார்.

அந்தக் குழாயடிப் படத்துக்குப் பதில் வந்தது. ஆமாம், அவளிடமிருந்து! அவள் ஊரிலிருந்து இங்கே ஒரு வீட்டுக்குச் சமைக்க வந்த மாமா, சுண்டைக்காய் வற்றல் மூட்டையோடு வாய்மொழியாக ஒரு சேதியும் கொண்டுவந்தார். கொல்லைக் கிணற்றடியில் அவரைத் தனியாகப் பார்த்துச் சொன்னாளாம்.

“அந்தக் குழாயடில நிக்கற பொண்ணு யாரு? குடத்தை அப்படி இடுப்பெலும்பு மேல வச்சுக்கப்படாது. நழுவிடும். கையை வாயைச் சுத்திப் போட்டுண்டு, இன்னும் பின்னால வாங்கி வச்சுக்கச் சொல்லுங்கோ.”

மாடியாத்துக்காரர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில். திரும்பத் திரும்ப அந்த மாமாவைக் கேட்டார். “இடுப்பெலும்புன்னா சொன்னா? வேற என்ன சொன்னா? எப்படிச் சொன்னா?” மாமாவுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். அவள் சொன்ன மாதிரி வைத்துப் பார்த்தேன். என்ன ஆச்சரியம்! கனமே தெரியவில்லை. பார்க்காத ஒருத்தி, பார்த்த என் மாமியாரைவிட என்னைச் சரியாகப் பார்த்திருக்கிறாள். அவள் வந்தால் பக்கத்தில் வைத்துக்கொண்டு எப்படியெல்லாம் சிரிப்போம் என்று மனசுக்குள் திட்டம் போட்டேன். அடுத்த படத்தில் நான் குடத்தை அவள் சொன்னபடியே பிடித்துக்கொண்டு நின்றேன். “இது பதில்” என்றார் அவர்.

இப்படியே போயிருந்தால் அவள் வந்திருப்பாள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அதற்குள் எனக்குப் பிரசவம். பெரியவன் பிறந்தான். தீட்டு அறையில் என்னை விட்டுக் கதவைச் சாத்தினார்கள். அந்த நாட்களில்தான் அவருக்கு அந்த யோசனை வந்தது. மாமனாரை மடக்க வேண்டுமென்றால் கங்கையைக் காட்ட வேண்டும். காளிகாட்டில் ஓடுகிற ஆதி கங்கை சேறாக இருந்தாலும் கங்கைதானே? தினமும் கங்கா ஸ்நானம் செய்கிற மாப்பிள்ளை வீட்டுக்குப் பெண்ணை அனுப்ப எந்த வைதிகர் மறுப்பார்? படித்துறையில் குளித்துவிட்டு, ஈர வேஷ்டியோடு, திறந்த மார்போடு, பூணூலோடு படியில் உட்கார்ந்தார். படம் விழ வைக்கிற ரப்பர் பந்தை அமுக்கியது எங்கள் வீட்டுக்காரர். படத்தில் அவருக்கு ஒரு பக்கம் அரசமரம், இன்னொரு பக்கம் காலிப்படி. அந்தப் படி அவளுக்கு.

அச்சுப் போட்டுப் பார்த்தால் உட்காரவில்லை. காலிப்படி வலப்பக்கம் விழுந்திருந்தது. பெண்டாட்டி இருக்க வேண்டியது இடப்பக்கம் இல்லையா? அர்த்தநாரியில் அம்பாள் இடது பாதிதானே? மறுபடி எடுக்கக் கண்ணாடித் தகடு இல்லை. இருந்த தகட்டை வேண்டுமென்றே திருப்பி வைத்து அச்சுப் போட்டார். படி இடப்பக்கம் வந்தது. படம் ஜம்மென்று உட்கார்ந்தது. எங்கள் வீட்டுக்காரரிடம் காட்டினார். “நன்னா இருக்கே” என்றார். நல்ல நாள் தப்பிவிடக்கூடாது என்று அன்றைக்கே தபாலில் சேர்த்துவிட்டார்.

நான் வெளியே இருந்திருந்தால் வாசித்திருப்பேன். பார்த்ததும் வயிற்றில் அடித்துக்கொண்டு வாசித்திருப்பேன். படியோடு சேர்ந்து பூணூலும் திரும்பிவிட்டது. இடது தோளில் இருக்க வேண்டிய பூணூல் வலது தோளில் இருந்தது. வலது தோளில் பூணூல் எப்போது வரும்? செத்தவர்களுக்குக் காரியம் செய்யும்போது. சந்தில் ஒரு மீன் வால் தெரியாமல் படம் கூட்டுகிற மனுஷர், தன் மார்பில் கிடந்ததைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்க அந்தக் காலிப்படியின் மேல்.

பதில் இல்லை. மாசங்கள் போயின. குழந்தை குப்புற விழுந்தது, தவழ்ந்தது. தபால்காரன் எங்கள் வாசலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவர் மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

பிறகு கயாவுக்குப் போகிற ஒரு கூட்டம் எங்கள் வீட்டில் தங்க வந்தது. அதில் ஒரு அத்தைப்பாட்டி. மாடியாத்துக்காரர் பெண்டாட்டியின் அப்பாவுக்கு அத்தை. மாடியிலிருந்து இறங்கி வந்த அவரைப் பார்த்ததும் அந்த அம்மாள் சொம்பைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அத்தைப்பாட்டி, நமஸ்காரம்.”

“எனக்கு எதுக்குடா நமஸ்காரம்? உசிரோட இருக்கற பொண்ணைத் தலைமுழுகினவன் பண்ற நமஸ்காரம் என் காலுக்கு வேண்டாம்.”

அவருக்குப் புரியவில்லை. யாருக்கும் புரியவில்லை. மாமியார்தான் கேட்டார். “யாரு யாரைத் தலைமுழுகினா? நன்னாச் சொல்லுங்கோ.”

“படம் அனுப்பிச்சானே! ஆத்துல முழுகிட்டு, ஈரத்தோட, பூணலை வலம் போட்டுண்டு உக்காந்திருக்கானே! இவன் அப்பா இருக்கார், அம்மா இருக்கா. அப்புறம் இவன் யாருக்குக் காரியம் பண்ணினான்? பொண்டாட்டிக்குத்தானே? பக்கத்துல அவ இருந்த இடம் காலியாயிடுத்துன்னு காட்டிண்டு வேற உக்காந்திருக்கான். எங்காத்துலயும் அன்னிக்கே எல்லாரும் தலைல தண்ணி விட்டுண்டுட்டா.”

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “அவளும் அப்படித்தான் நினைச்சாளா?” என்று கேட்டார்.

“அவதாண்டா முதல்ல பாத்தா. அப்பா கைக்குப் படம் அப்புறம்தான் போச்சு. எப்பவும் போல ஜன்னலண்டை எடுத்துண்டு போய் உத்து உத்துப் பாத்தா. பாத்துட்டு, ‘அத்தைப்பாட்டி, பூணல்’னா. அவ்வளவுதான். உள்ளே போய்ட்டா.”

குடத்தை நான் எந்த எலும்பின் மேல் வைத்தேன் என்று பார்த்த கண் இல்லையா அது?

அவர் மாடிக்கு ஓடினார். கண்ணாடித் தகட்டைக் கொண்டுவந்து, அத்தைப்பாட்டி முகத்துக்கு நேராக வெளிச்சத்தில் பிடித்தார். இப்படி, அப்படி, இப்படி, அப்படி என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். என்னை ஐயங்காராக்கிய கதையை மாமியார் சொன்னார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மாள் நல்லவள். வெகுநேரம் பார்த்துவிட்டு, “எனக்குப் புரியறதுடா கொழந்தே. அவளுக்குன்னா புரியணும்? நேரா ஒண்ணு போட்டுக் குடு, கொண்டுபோறேன்” என்றாள். அன்றைய வெயிலிலேயே சரியான அச்சுப் போட்டுக் கொடுத்தார். நான் வாசித்தேன். பூணூல் இடது தோளில். படி வலப்பக்கம். “உக்காரலை, பரவாயில்லை” என்றார் அவர்.

கயா போய், ஊர் திரும்பி, அத்தைப்பாட்டி யாரையோ எழுதச் சொல்லிப் போட்ட கார்டு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து படித்தார். அவர் குரலில் நான் கேட்ட கடுதாசிகளிலேயே எனக்கு மறக்காதது அதுதான். அந்த அப்பா இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாராம். “சரிதான், காரியம் முடிஞ்சு பூணலை மாத்திப் போட்டுண்டு அதையும் ஒரு படம் பிடிச்சு அனுப்பியிருக்கான். என்ன திமிர்!” என்றாராம். அவளிடம் அத்தைப்பாட்டி தனியாகக் கண்ணாடி விஷயத்தைச் சொன்னாளாம். அவள் பிறகு பழைய படங்களையெல்லாம் மடியில் பரப்பி வைத்துக்கொண்டு கேட்டாளாம்.

“திருப்பி வைக்க முடியும்னா, இதுல எதெல்லாம் திருப்பி வச்சது அத்தைப்பாட்டி? இந்தக் குழாய் நிஜமா? இந்த மணை நிஜமா? அப்பா சொல்ற மீன் எங்கே? ஊர் பூரா மீன்ங்கறா, ஒரு படத்துலகூட இல்லையே.”

மீனை எடுத்ததும் மணையைப் போட்டதும் அவர்தானே?

லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். மாமனார் வாசற்படி ஏறவிடவில்லை. இவருடைய அப்பா கெஞ்சியும் நடக்கவில்லை. “கதவுக்குப் பின்னால வளையல் சத்தம் கேட்டுது மாமி” என்று மட்டும் என் மாமியாரிடம் சொன்னார்.

வந்த பிறகு ஒரு படம் எடுத்தார். எதையும் நகர்த்தாமல், யாரையும் நிற்கச் சொல்லாமல். சந்து நடுவில் மீன்காரி கூடையோடு பல்லைக் காட்டிக்கொண்டிருந்தாள். சாக்கடை, சொறிநாய், மூக்கொழுகுகிற குழந்தை, என் அழுக்குப் புடவை எல்லாம் விழுந்தது. “வாசிங்கோ மன்னி” என்றார்.

“எல்லாம் இருக்கு. மீன் இருக்கு. நாய் இருக்கு. காலியா ஒரு இடம்தான் இல்லை.”

“இல்லைதான்” என்றார். அதையும் அனுப்பினார். பிரிக்காமலே திரும்பி வந்தது. அதை என்னிடம் கொடுத்துவிட்டார். இதோ என் பெட்டியில் இருக்கிறது. மீன்காரி என்ன அழகாகச் சிரிக்கிறாள், பாருங்கள்! அவள் ஒருத்திக்காவது ஆசை தீர்ந்தது.

அப்புறம் அந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஆபீஸ் போவார், வருவார், சாப்பிடுவார். சில நாள் மாடியில் நான் வடாம் இடும்போது வந்து நின்று, ஒரு வடாத்தை விரல் நுனியால் இத்தனூண்டு நகர்த்திவிட்டுப் போவார். வேறொரு பெண்ணைக் கட்டிக்கொள்ளச் சொல்லி அவர் அப்பா எழுதினார். என் மாமியாரும் சொல்லிப் பார்த்தார். “எனக்குத்தான் ஆயிடுத்தே மாமி” என்பார். என் பெரியவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தான். பெண் பிறந்தாள். மாமியாருக்குக் கண் மங்கியது.

ஒருநாள் தந்தி வந்தது. இங்கிலீஷில் இருந்ததை எங்கள் வீட்டுக்காரர்தான் தமிழில் சொன்னார். அனுப்பியவர் அந்த மாமனார். ‘உங்கள் மனைவி ஜுரத்தில் காலமானாள். செய்ய வேண்டிய கர்மாக்களைச் செய்யவும்.’

எங்கள் மாமியார்தான், கண் தெரியாவிட்டாலும் தந்தி இருந்த திசையைப் பார்த்துக் கேட்டார்.

“இத்தனை நாள் இல்லாத பொண்டாட்டி இன்னிக்குத்தான் ஆனாளா? தலைமுழுகியாச்சுன்னானே, இப்போ எதுக்குடா இவன் வேணும்?”

எதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். குழந்தை இல்லாதவளுக்குப் புருஷன்தானே செய்ய வேண்டும்? அவர் உயிரோடு இருக்கிற பெண்டாட்டிக்குக் காரியம் செய்யவில்லை என்பது அந்த மாமனாருக்கு அன்றைக்குத்தான் ஒத்துக்கொள்ள முடிந்தது. ரயிலேறிப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். சாஸ்திரிகள், “இங்கேயே கங்கை இருக்கே” என்று காளிகாட் படித்துறைக்கு அழைத்துக்கொண்டு போனார்.

நான் பெண்கள் துறையில் குளித்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஏறினேன். அதே அரசமரம். சாஸ்திரிகள் உட்காரச் சொன்ன திசை வேறு போலிருக்கிறது, மரம் அவருக்கு வலப்பக்கம் வந்திருந்தது. ஈர வேஷ்டி. திறந்த மார்பு. பூணூல் வலது தோளில். இடப்பக்கம் ஒரு படி காலியாக இருந்தது.

அந்தத் திரும்பிய அச்சை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. இருந்தாலும் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரிந்துவிட்டது. கையில் எள்ளும் தண்ணீருமாக அந்தக் காலிப்படியைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற எங்கள் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார்.

“உக்காந்துடுத்து, அண்ணா” என்றார்.

எங்கள் வீட்டுக்காரருக்கு எதுவும் விளங்கவில்லை. காரியத்தில் உட்கார்ந்துவிட்டதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, தலையை ஆட்டினார். நான் நிற்காமல் படியேறினேன். கண்ணில் தண்ணீர் கட்டி வழி தெரியவில்லை. ஆனால் இடுப்பில் குடம் நழுவவில்லை. கையை வாயைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் வாங்கி, அவள் சொன்ன மாதிரியே வைத்திருந்தேன்.